டைரியும் மெயின் சுவிட்சும்

‘முழுமையாகக் குணமடைந்துள்ளார். நினைவாற்றல், கவனம் இரண்டும் இயல்பு நிலை. முன்பு பார்த்த எல்லா வேலைகளையும் பார்க்கத் தகுதியுள்ளவர்.’

இந்தச் சான்றிதழைக் கொடுக்கப் போன அன்று, பதினான்கு வருடமாகப் போய்வரும் அலுவலகத்தைத் தாண்டி ஒரு மாடி அதிகமாக ஏறி, அதை ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் நீட்டினார் அவர். போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார். சிரிப்பு மட்டும் அவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு டைரி என்று பெயர். எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எந்த மாதம் கயிறு மாற்றினார்கள், எந்தக் கதவு மழை நாளில் முரண்டு பிடிக்கும், எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். அந்த ஞாபகத்தின் நிழலில் ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்திருந்தது. அடியில் இருக்கும் லிஃப்ட் குழிக்குள் ஒருவர் இறங்கினால், மேலே மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டு மாட்டி, அவரவர் சாவியை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. டைரியும், அவரோடு ஜோடியாக வேலை பார்த்த அக்கா புருஷனும் ஒரே பூட்டைத்தான் மாட்டினார்கள். சாவி டைரியின் சட்டைப்பையில். “இவன் மண்டையே ஒரு பூட்டு. இன்னொண்ணு எதுக்கு?” என்பார் அத்தான். விதிகளை வரி விடாமல் ஒப்பிக்கக்கூடிய ஒரே ஆளை நம்பித்தான் அந்த விதி மீறப்பட்டது.

பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்காவின் ஸ்டெம் செல்களை எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். “இப்ப உனக்குள்ள ஓடறது என் ரத்தம். இனிமேலாவது சொன்ன பேச்சக் கேளு” என்றாள் அக்கா. உடம்பு கேட்டது. மண்டைதான் அடம்பிடித்தது. ஸ்பேனர் என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிவிடும். “அந்தத் திருகறது” என்று கை நீட்டுவார். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பாலைப் பொங்கவிடுவார். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்: சிலருக்கு இப்படி ஆகும், சரியாக ஒரு வருடமோ இரண்டோ பிடிக்கும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது.

அப்புறம் சான்றிதழுக்கான ஆஸ்பத்திரிச் சோதனையில் எப்படித் தேறினார்? ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மூன்று தடவையும் அதே ஐந்து: குடை, மைனா, மஞ்சள், சீப்பு, படகு. குளிக்கும்போதெல்லாம் அவற்றை உருப்போட்டார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதர் நினைவாற்றலில் முழு மார்க் வாங்கினார்.

வேலைக்குத் திரும்பிய பன்னிரண்டாம் நாள், ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. அத்தான் குழியில் இறங்கினார். டைரி மேலே சுவிட்சை அணைத்து, வழக்கம்போல் ஒற்றைப் பூட்டை மாட்டி, பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருந்த காவலாளி போன் செய்தான். “லிஃப்ட் எப்ப சார் ஓடும்? எல்லாரும் என்னத்தான் திட்டறாங்க.”

“இதோ ஆச்சு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுவிட்சில் பூட்டு. சாவி தன் பையில். தானோ இங்கே மேலே. ஆக, வேலை முடிந்துவிட்டது, திறக்கத்தான் வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டினார். கணக்கெல்லாம் சரி. ஒரு ஆள் மட்டும் விட்டுப்போயிருந்தார்.

சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, கயிறு ஓடியது. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி அலறியது: “டேய்! யார்றா அது? நான் குழியிலதான்டா இருக்கேன்!”

அணைத்தார். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. ஏழு மாடிப் படிகளை எப்படி இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது.

அத்தான் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் சட்டையில் போனது.

“நீங்க மேல வந்துட்டீங்கன்னு நெனச்சேன் அத்தான்.”

“நான் எப்படா வந்தேன்?”

“அதான் தெரியல.”

அத்தான் அவரையே பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார். “வெளிய மூச்சு விடாத. ஆபீசுக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா உன்ன விட்டுருவா, என்னத்தான் அந்தக் குழியிலயே வெச்சு மூடுவா. நாளைலேர்ந்து ஆளுக்கொரு பூட்டு. முடிஞ்சுபோச்சு.”

முடியவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டில் தட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். “என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும்?” என்றாள் அக்கா. “வேலை ஜாஸ்தி” என்றார் அத்தான், ஒரு கவளத்தை வாயில் அடைத்தபடி.

பூட்டைத் திறந்த நொடியை மனசில் தேடினார் டைரி. அங்கே ஒன்றுமே இல்லை. அத்தானின் குரல் மட்டும்தான் இருந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு? ஒரு வாரத்தில் அதுவும் கரைந்துபோனால், எந்தத் தப்பும் செய்யாதவனின் தைரியத்தோடு அதே சுவிட்சுக்கு முன்னால் போய் நிற்பார். அத்தானும் பழக்கதோஷத்தில் ஒரு நாள் தன் பூட்டை மாட்ட மறப்பார்.

“யாருக்குடா போன்? சாப்பிட்டுட்டுப் பேசேன்” என்றாள் அக்கா. அத்தான் வேண்டாம் என்று தலையாட்டினார்.

டைரி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அத்தான் குழியில் இருக்கும்போது சுவிட்சைப் போட்டது தான்தான் என்று சொன்னார். இனி மோட்டார் அறைக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்.