கெப் வண்டியின் முன்கம்பியில் கட்டிய படம்

கலகெதர ரோட்டில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து பின்பக்கம் திறந்த என் கெப் வண்டியின் முன்பக்கத்தை உடைத்துவிட்டது. விளக்கும் ரேடியேட்டரும் போயின. பல்லேகலவில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்றிப் பிழைக்கிறவன் நான். வண்டி கராஜில் கிடந்தவரை மனைவியின் தையல் வேலையில்தான் சாப்பிட்டோம். இன்னொரு முறை அப்படி ஆனால் தாங்காது என்று, பட்டறையில் சொல்லி முன்னால் இரும்புக் குழாயில் ஒரு தடுப்பு பூட்டினேன். எங்கள் பக்கத்தில் அதை பஃபலோ பார் என்பார்கள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு வாயத் தொறக்குறதே இல்ல. இப்ப வண்டிக்கும் வாய்ப்பூட்டு போட்டுட்டாரு."

பிறகு பன்றி வரவில்லை. சாவு வீடுகள்தான் வந்தன. நாங்கள் குடியிருக்கும் மஹய்யாவவில் யார் இறந்தாலும் வெள்ளைக்கொடி, மாலை, படம் எல்லாம் கட்ட அந்தக் கம்பி வசதியாக இருந்தது. சவப்பெட்டி ஏற்றவும் என்னையே கூப்பிட்டார்கள். பகலெல்லாம் மூட்டை இறக்கிவிட்டு வருவேன். வாசலில் யாராவது நிற்பார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வராது. சட்டையைக்கூட மாற்றாமல் திரும்பிப் போவேன்.

ஒருமுறை, மாநகர சபையில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோனார். கலகெதரவுக்கு அப்பால், தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாராம். அவருடைய மகன் தகப்பன் முகத்தைப் பெரிய பிளாஸ்டிக் துணியில் அச்சடித்து வந்து, தடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டினான். ரேடியேட்டருக்குக் காற்றே போகாது. சொல்லலாம் என்று கிட்டப் போனேன். அவன் தகப்பனின் கன்னத்தில் விழுந்த சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பக்கத்தில் இறந்தவரின் மனைவி. பின்னால் பெட்டியோடு மகனும் உறவினர்களும். பெட்டி புறப்பட்டால் வழியில் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நிறுத்தாவிட்டால் இஞ்சின் போய்விடும். அதற்குப் பிறகு எனக்குப் பிழைப்பில்லை. முள் சிவப்பைத் தொட்டபோது ஓரமாக நிறுத்தினேன்.

மகன் குதித்து வந்து ஏன் நிறுத்தினேன் என்று கேட்டான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னேன்.

"படத்தக் கழட்டணும் தம்பி. காத்து போகாம இஞ்சின் கொதிக்குது."

"எங்கப்பாவ ரோட்டுல எறக்கச் சொல்றீங்களா அண்ணே?"

பக்கத்திலிருந்த அந்த அம்மா ஜன்னலால் தலையை நீட்டினார்.

"ஒங்கப்பா உசுரோட இருக்கப்ப ஒரு வாசல்லயும் காத்த மறைச்சு நின்னதில்ல. அவுத்து இங்க குடு."

கம்பி முறுக்கை அவனால் அவிழ்க்க முடியவில்லை. நான் இறங்கிக் குறட்டால் வெட்டினேன். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றினோம்.

மறுபடி புறப்பட்டபோது அந்த அம்மா படத்தை மடியில் வைத்திருந்தார். மூக்கின் மேல் மடிப்பு விழுந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கேட்டார்: "சூடு எறங்கிச்சா தம்பி?"

"எறங்குது அக்கா," என்றேன். தோட்டம் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனேன்.