காற்றுக்கு வைத்த நேர்த்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடப்பதில் எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீட்டிலிருந்து பேக்கரி நானூறு மீற்றர். அதற்கும் கார் எடுக்கிறவன் நான். அப்படிப்பட்டவனை ஐம்பத்திரண்டு வயதில் ஸ்பெயினில் இருக்கிற ஒரு புனிதரின் கோயிலுக்கு முதுகில் பையோடு நடக்க வைத்தது அநியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். என் நண்பன் தன் பக்கத்துக் கதையை யூட்லாந்தில் உள்ள அத்தனை தமிழ் மண்டபங்களிலும் சொல்லி முடித்துவிட்டான். என் பக்கத்தை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவன் மன்னார்க் கத்தோலிக்கன். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். முப்பது வருடங்களுக்கு முன் அகதி முகாமில் இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் போட்டார்கள்; அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. அவனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எத்தனையோ டேனிஷ் முதியவர்களுக்குக் கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு கண்ணை மூடிவிட்டு, அவர்கள் வழக்கப்படி உயிர் வெளியே போக யன்னலைத் திறந்துவைத்துவிட்டு, கோப்பி குடிக்கப் போகிறவன். சாவு அவனுக்குப் பழகிப்போன விசயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

விசயம் மண்டபத்தில் நடந்த ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் தொடங்கியது. நான் மூன்று மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டேன். (அவன் சொல்லுகிற கதையில் ஏழு.) மேலே கொஞ்சம் விஸ்கியும் நிறையக் கோலாவும். பின்னேரம் ஐந்து மணிபோல, களஞ்சியத்தில் நான் ஓட்டுகிற பாரந்தூக்கியை யாரோ என் நெஞ்சில் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் ஒரு நோ. நான் கதிரையோடு விழுந்தேன். விழும்போது மேசைவிரிப்பையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன், கேக்கும் என்னோடு வந்தது. இதை மறுக்கவில்லை.

அம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம். குடிக்காமல் இருந்தவள் என் மனைவி மட்டுந்தான், ஆகவே அவள் காரில் பின்னால் வர, விஸ்கி மணத்தோடு நண்பன் என் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான்," என்றேன், "மாரிக்குப் போடுற டயர் கொட்டிலுக்குள்ளை இடப்பக்கம் கிடக்கு. மனுசிக்குச் சொல்லு."

ஒரு மனிதன் உலகத்தை விட்டுப் போகும்போது சொல்ல எத்தனையோ நல்ல வசனங்கள் இருக்கின்றன. எனக்கு டயர்தான் வந்தது.

பிறகு நேர்த்தி வைக்கத் தொடங்கினேன். பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய். முருகனுக்குக் காவடி. நோ குறையவில்லை. அப்போதுதான் அவன் கழுத்துச் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்த பதக்கம் கண்ணில் பட்டது. குதிரையில் வாளோடு ஒருவர்: சந்தியோகுமையோர். அவனுடைய ஊர்க் கோயில் அவருடையதுதான். அவருடைய கல்லறை ஸ்பெயினில் இருக்கிறதென்றும், உலகத்துச் சனமெல்லாம் அங்கே நடந்து போகிறதென்றும் அவன் சொல்லி அலுக்கவைத்திருக்கிறான். பயத்தில் இருக்கிற மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். பிள்ளையாரிடம் இருப்பது எலி. முருகனிடம் மயில். இவரிடம் குதிரை. யார் முதலில் வந்து சேருவார்?

"தப்பினால் உன்ரை சந்தியோகுமையோரிட்டை நடந்து வாறன் எண்டு சொல்லடா!"

"நீயே சொல்லு."

"எனக்கு மூச்சு வருகுதில்லை!"

"மூச்சு வராமலே இந்தக் கத்துக் கத்துறாய்?"

சாகிற மனிதனோடு கதைக்கிற கதையா இது? நானே கத்திச் சொன்னேன், தமிழில் ஒருமுறை, புனிதருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் என்று டேனிஷில் ஒருமுறை. அம்புலன்ஸ்காரப் பெண் என் கையைத் தட்டி, ஸ்பெயின் நல்ல நாடு, வெயில் இருக்கும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொருமுறை எடுத்தார்கள். கடைசியில் என் மகளின் வயதில் ஒரு மருத்துவர் வந்து, இதயம் நன்றாக இருக்கிறது, வயிற்றில் காற்று என்றார். இனிமேல் கோலா, சோடா, பியர் என்று நுரைக்கிற ஒன்றையும் தொடாதே என்றும் சொன்னார்.

மாரடைப்பு இல்லை என்றால் சந்தோசப்படவேண்டும். பட்டேன், ஒரு கிழமைக்கு. அதற்குள் நண்பன் கதையை ஊரெல்லாம் கொண்டுபோய்விட்டான். ஸ்கீவ என்ற ஊரில் ஒரு கலியாண வீடு. வாழ்க்கையில் நான் கண்டிராத ஒருவர் வந்து கை குலுக்கி, "அண்ணை, நீங்கள்தானே அந்தக் காத்து?" என்று கேட்டார்.

இது போதாதென்று அவன் நேர்த்தியையும் கேட்க ஆரம்பித்தான்.

"எந்த நேர்த்தி? மாரடைப்புக்கெண்டு வைச்சது. மாரடைப்பு வரேல்லை. கதை முடிஞ்சுது," என்றேன்.

"மாரடைப்பாய் வந்ததைக் காத்தாய் மாத்திவிட்டது ஆர்?"

மனைவியைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளாவது என் பக்கம் நிற்பாள் என்று ஒரு நம்பிக்கை.

"இஞ்சருங்கோ, சாமியோடை சேட்டை விடாதேங்கோ. எங்கடை சைவச் சனமே மடு மாதா கோயிலுக்குப் போய் நேர்த்தி முடிக்கேல்லையே? போட்டு வாங்கோ."

மகளோ டேனிஷில், அப்பாவுக்கு நடை நல்லது என்று சொல்லிவிட்டு ஃபோனுக்குள் போய்விட்டாள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். யூட்லாந்தின் நடுவால் தெற்கே ஒரு பழைய பாதை போகிறது, ஹேர்வையன். அந்தக் காலத்தில் படைகளும் மாட்டு மந்தைகளும் போன பாதை. ஸ்பெயினுக்குப் போன யாத்திரிகர்களும் அதாலேதான் போனார்கள் என்று அங்கே பலகையில் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இது சந்தியோகுமையோரின் பாதைதானே? அதன் அந்த நுனியில் நடந்தால் என்ன, இந்த நுனியில் நடந்தால் என்ன? வீபோரிலிருந்து யெலிங்வரை நாலைந்து நாள் நடந்துவிட்டால் நேர்த்தி முடிந்தது, முற்றுப்புள்ளி வைத்து மூடிவிடலாம். இந்தத் திட்டத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே நடப்போமா என்று மட்டும் கேட்டேன். "பழகிறதுக்கு நல்லது," என்று அவனும் வந்தான்.

ஆனி மாதம். டென்மார்க்கில் அதற்குக் கோடை என்று பெயர். மழை மேலிருந்து பெய்யாமல் பக்கத்திலிருந்து பெய்தது. என் பைக்குள் மனைவி ஒரு சின்ன ரைஸ் குக்கரும் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு போத்தல் கட்டைச் சம்பலும் வைத்திருந்தாள். யாத்திரை போகிற இடத்தில் சோறு கிடைக்காதாம். அவனுடைய பைக்குள் இரண்டு மேல்சட்டையும் ஒரு செபமாலையும். என் சோற்றை மூன்று நேரமும் தின்றுவிட்டு, பாரம் தூக்குகிற என்னைப் பார்த்துச் சிரித்தான்.

முதல்நாளே எங்களை ஓர் ஓய்வுபெற்ற டேனிஷ் தம்பதி முந்திப் போனார்கள். கையில் இரண்டிரண்டு தடி, வயது எழுபதுக்கு மேல். போன வருடம்தான் இடுப்பெலும்பு மாற்றியதாக அந்த அம்மா மகிழ்ச்சியாகச் சொல்லி, எங்களுக்கு நல்ல நடை வாழ்த்திவிட்டு, வளைவில் மறைந்தார். மாற்றாத இடுப்போடு நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வரிப்பணத்தில்தானே அந்த இடுப்பு என்று நினைத்தேன். கோபத்தில் மனிதன் கீழ்த்தரமாகத்தான் யோசிக்கிறான்.

யாத்திரிகர் தங்குகிற பழைய மாட்டுக்கொட்டிலில் அன்று அவர்களும் இருந்தார்கள். அந்த ஐயா எங்களுக்கு ஆளுக்கொரு பியரை நீட்டினார். எனக்கு மருத்துவர் தடை. நண்பனுக்கு என்ன தடை? கொண்டாட்டம் என்றால் முதல் போத்தலைத் திறக்கிறவன் அவன்தான்.

"வேண்டாம். எனக்குச் சீனி," என்றான்.

சொல்லிவிட்டு அந்த அம்மா வெட்டித் தந்த கேக்கில் இரண்டு துண்டை ஜாம் வழியவழியத் தின்றான். இது என்ன மாதிரியான சீனி வருத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிசர் அன்போடு தருவதை இப்படிப் பொய் சொல்லித் தட்டலாமா? கேட்டதற்கு, "நீ உன்ரை காத்தைப் பார்," என்றான்.

மூன்றாம் நாள், மேடும் பள்ளமுமான புதர்க்காட்டுப் பக்கம், என் வலது குதிக்காலில் கொப்புளம் வெடித்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வேலியோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு மாடுகள். என் திட்டத்தை அங்கேதான் வெளியே விட்டேன்.

"மச்சான், யெலிங்கோடை என்ரை நேர்த்தி சரி. அதுவும் அவற்றை பாதைதான். ஸ்பெயினுக்கு நீ போ. என்ரை பேரிலை ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு."

அவன் கையிலிருந்த தடியைப் பாதையில் எறிந்தான். முப்பது வருடத்தில் அவன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"நீ நடக்காட்டி நான் சாகும்மட்டும் ஒரு சொட்டுக் குடிக்கேலாதடா, விசரா!"

மாடுகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன.

"என்ன சொன்னனீ?"

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னை உள்ளே தள்ளிக்கொண்டுபோய், என் மனைவியை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியபிறகு அவன் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் மணிக்கணக்காகத் தனியாக நின்றிருக்கிறான். "வேலையிலை எண்டால் கைக்கு ஏதாவது இருக்கும் மச்சான். தலையணையைச் சரி பண்ணுவன், தண்ணி பருக்குவன். அங்கை ஒண்டும் இல்லை. யன்னலைப் பாத்தன். அது திறக்கிற யன்னலும் இல்லை." அதனால் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் புனிதரிடம் கேட்டிருக்கிறான், இவனைத் தா, இவன் உன்ரை வாசலிலை வந்து நிக்கும்மட்டும் நான் குடியைத் தொடமாட்டன் என்று.

"பேந்து?"

"அஞ்சு நிமிசத்திலை அந்த டொக்டர்ப் பிள்ளை வந்து காத்து எண்டு சொல்லுது! அஞ்சு நிமிசம் பொறுத்திருந்தால் நான் தப்பியிருப்பன்!"

எனக்கு எழும்பிய கோபத்தை எப்படி எழுதுவது? ஒன்பது மாதமாக மண்டபம் மண்டபமாக என் பயத்தை விற்றுச் சிரிப்பு வாங்கியவன், தன் பயத்தைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்திருக்கிறான். அதற்குப் பிறகு வந்த என் பிறந்தநாளுக்கு நான் ஊற்றிக் கொடுத்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். எங்கள் வரவேற்பறைப் பூச்சட்டிக்குள். அந்தச் செடி பட்டுப்போனதற்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று மனைவியிடம் திட்டு வாங்கியது நான்!

"உன்ரை பங்கை ஏன் ஒரு இடத்திலையும் சொல்லேல்லை?"

"சொன்னால் உன்ரை கதைக்கு ஆர் சிரிப்பினம்?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் எனக்காக வருவாய். நேர்த்தி அப்பிடிச் செய்யிறேல்லை. நீ உன்ரை வாக்குக்கு நடக்கவேணும்."

"இப்ப மட்டும் சொல்லிப்போட்டாய்?"

"கால் நோகுது மச்சான். வாய் விட்டிட்டுது."

அந்த நேரம் பார்த்து டேனிஷ் தம்பதி பின்னாலிருந்து வந்து சேர்ந்தார்கள். வழியில் எங்கோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அந்த ஐயா பையிலிருந்து ஒரு பியர் கானை எடுத்து எங்களுக்கு நடுவில் கல்லில் வைத்தார். நண்பன் இந்தமுறை சீனி என்று சொல்லவில்லை. நன்றி சொல்லி வாங்கி, காலுக்குப் போடுகிற ஒரு மேஸுக்குள் சுற்றி, பையின் அடியில் வைத்தான்.

நான் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஸ்பெயினுக்கு ரெண்டு ரிக்கெற் பார்."

"என்ன, திரும்பவும் நெஞ்சு நோகுதோ?"

"ஓம்."

"காத்தோ?"

"தெரியாது," என்றேன்.

புரட்டாதியில் போனோம். கடைசி நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே நடந்தோம். அதற்குக் குறைந்தால் சான்றிதழ் தரமாட்டார்கள், வழிநெடுக முத்திரை வேறு குத்தவேண்டும், புனிதருக்கே எங்கள்மேல் நம்பிக்கை இல்லை. அந்த அம்புலன்ஸ்காரப் பெண் சொன்ன வெயிலையும் நான் காணவில்லை. அங்கேயும் மழை. இருபது பேர் படுக்கிற அறையில் நண்பன் விட்ட குறட்டைக்கு, பத்தொன்பது பேர் காலையில் என்னை முறைத்தார்கள்.

சந்தியோகுமையோர் கோயில் வாசலில் நான் நின்றேன். அவன் என் முழங்கையைப் பிடித்து, சரியாக வாசற்படியில் நிற்கிறேனா என்று குனிந்து பார்த்து உறுதிசெய்தான். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சதுக்கத்துக் கல்தரையில் உட்கார்ந்தோம். அவன் பையின் அடியில் கைவிட்டு அந்த மேஸை எடுத்தான். கானில் நாலைந்து நெளிவு. யூட்லாந்திலிருந்து அதற்காகவே பையைக் கையில் எடுக்காமல் பொதியில் போட்டு விமானத்தில் கொண்டுவந்தது. திறந்தபோது பாதி என் புதுச் சப்பாத்தில் ஊற்றியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"எனக்கு விலக்கடா."

"ஒரு வாய். உனக்காக இல்லை, எனக்காக."

குடித்தேன். இளஞ்சூடாக, மேஸ் மணத்தோடு, நுரைத்துக்கொண்டு இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே திரும்பி வந்தது. அப்படியொரு ஏப்பத்தை நான் வாழ்நாளில் விட்டதில்லை. சதுக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நண்பன் கானை வாங்கி மிச்சத்தையும் முடித்துவிட்டு, வாயைத் துடைத்தான்.

"இதை அண்டைக்கு மண்டபத்திலையே விட்டிருந்தால், மச்சான், ரெண்டு பேரும் இப்ப வீட்டிலை கிடந்திருப்பம்."