வீட்டுக்காரருக்கு ஓர் உத்தரவு

கடற்படைத் தலைமையகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் பேசுவது அவள் வேலை. அறையின் நடுவே கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதன்மேல் கடல் வரைபடம். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று மரக்காய்களை நகர்த்திக் காட்டுவார்கள். எது கிளம்ப வேண்டும், எது எதற்கு எண்ணெய் கொடுக்க வேண்டும் என்று கமாண்டர் தீர்மானிப்பார். அவள் அதைச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்ப்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. "கடையில என்ன வாங்கணும்? சொல்லுங்க பார்ப்போம்" என்று கணவரை வாசலிலேயே மறிப்பாள்.

கணவர் அதே துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும் குட்டிப் படகு. இழுவைப் படகுகளோடு துறைமுக அலுவலகம்தான் பேசும் என்பதால், வேலை நேரத்தில் இருவருக்கும் பேச்சே இருந்ததில்லை.

ஒரு நாள் காலை புயல் நெருங்கியது. கரையில் கட்டிக்கிடந்தால் கப்பல்கள் மோதி நொறுங்கிவிடும். எல்லாவற்றையும் ஆழ்கடலுக்கு அனுப்பச் சொன்னார் கமாண்டர். பெரியது முன்னால், சிறியது பின்னால், போதிய இடைவெளி விட்டு. அவள் வாய் ஓயாமல் பேசினாள். கடைசியாகப் போன சிறிய சரக்குக் கப்பல் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் அதன் என்ஜின் நின்றுபோனது. காற்று அதைப் பாறைப் பக்கம் தள்ளியது.

"முன்னாடி போனதுல ஒண்ணைத் திருப்பலாமா சார்?" என்றார் ஓர் அதிகாரி.

"அந்தக் குறுகல்ல திரும்பி வந்தா ரெண்டும் போச்சு. இழுவைப் படகை அனுப்புவோம்," என்றார் கமாண்டர்.

துறைமுக அலுவலகத்தின் ரேடியோ கம்பம் சாய்ந்திருந்ததால், படகோடு இங்கிருந்துதான் பேச வேண்டும். கரையில் மிச்சமிருந்த படகு அவள் கணவருடையது மட்டும்தான். கமாண்டருக்கும் அது தெரியும்.

"வேற யாராவது பேசட்டுமாம்மா?"

"வேணாம் சார், நானே பேசறேன். கயிறு தாங்கலைன்னா?"

அவர் சற்று யோசித்தார். "வெட்டிட்டு வந்துடச் சொல்லு."

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உத்தரவைச் சொன்னாள். கணவர் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, "சரிங்க மேடம்," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளுக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அவள் மற்றக் கப்பல்களிடம் அவை நிற்குமிடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்; காய்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் கரகரப்பாக அவர் குரல் வந்தது: "கயிறு மாட்டியாச்சு. இழுத்துட்டு வர்றோம்."

அதை அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த கப்பலைக் கூப்பிட்டாள்.

மறுநாள் வீட்டில், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார் அவர். "உன் குரல்ல ஒரு நடுக்கமும் இல்லையே. போனா போகட்டும்னு விட்டுட்டியா?"

"ரேடியோ ஸ்விட்ச்சுலேர்ந்து கையை எடுத்துட்டுதான் நடுங்கினேன்."

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

கயிறு உரசிய இரண்டு விரல்கள் பிறகு சரியாக மடங்கவே இல்லை. காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடுவது அவள் வேலையாயிற்று. அவசரத்தில் மேலும் கீழுமாக மாட்டிவிடுவாள். அவரும் அப்படியே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார்.