சுவிட்ச் போடாமல் சுற்றிய ஃபேன்

1. புகார்

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் நான் வயர்மேனாக இருந்தேன். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சிதம்பரம் அண்ணாச்சி குடையைக்கூட மடக்காமல் கடைக்குள் வந்து நின்றார். அவர் மரவியாபாரி. குற்றாலம் போகிற ரோட்டில் புதிதாக வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டு வயரிங் முழுவதும் என் வேலை.

"முத்தையா, பின்கட்டு ரூம்புல ஃபேன் சுவிட்ச் போடாமலே சுத்துதுடே. வந்து கழட்டிரு" என்றார்.

"கரண்டு லீக்கா இருக்கும் அண்ணாச்சி. பாத்துருதேன்."

"கரண்டு லீக்குல செத்தவ வந்து பேசுவாளாடே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவருடைய ஒரே மகள் பார்வதிக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். அவளுடைய அம்மா, அவளுக்குப் பத்து வயதிருக்கும்போதே காலமாகிவிட்டார். இப்போது அந்த அம்மா தினமும் அறைக்குள் வந்து உட்காருவதாகப் பார்வதி சொல்கிறாள். நாளுக்கு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். குழந்தை நாலு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை, வாய்விட்டு அழவும் இல்லை. டாக்டர் ரத்தக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மந்திரவாதி வந்து சன்னலுக்குக் குறுக்கே கறுப்புக் கயிறு கட்டி, அதைத் திறக்கவே கூடாது என்றாராம்.

"தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காள்னு சொல்லிட்டாரு" என்றார் அண்ணாச்சி.

2. என் கைவேலை

இதற்கு நடுவில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் வெயிலில் வேகும்போது எங்கள் பக்கத்தில் சாரல் வீட்டுக்குள் வரும். உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பற்றாது, துணி மூன்று நாளானாலும் காயாது. போன சீசனில் அந்தப் பின்கட்டு அறையில் வென்டிலேட்டர் வழியாகக் கட்டிலில் சாரல் விழுகிறது என்று அண்ணாச்சி சொன்னார். ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். நான் இருக்கிறேனே என்று முந்திக்கொண்டேன். இரண்டு வென்டிலேட்டருக்கும் பலகை அறுத்து, திருகி, ஓரமெல்லாம் புட்டி பூசி அடைத்து, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். எறும்பு நுழைய இடமில்லை. அண்ணாச்சி எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டார். நானும்தான்.

3. அறைக்குள்

மதியம் போனேன். அறை வாசலில் அண்ணாச்சியின் அக்கா நின்றார். பிரசவம் பார்க்கச் சிவகிரியிலிருந்து வந்தவர்.

"சட்டுன்னு உள்ள வந்து கதவச் சாத்து. பச்ச ஒடம்புக்காரி, காத்து பட்டா சன்னி கண்டுரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள போனா எனக்கும் தல கிறுகிறுங்கு. வெளிய வந்தா சரியாயிருது. அவ அங்கனதான் நிக்கா" என்றார்.

உள்ளே சாம்பிராணி வாசம். கட்டிலுக்கடியில் இரும்புக் கரிச்சட்டி கனன்றது. மேலே கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளை பெற்ற அறை என்றால் அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபேன் அசையாமல் நின்றது. பார்வதி அரைக்கண் மூடிப் படுத்திருந்தாள். மெலிந்துபோனவளுக்குக் கன்னம் மட்டும் நல்ல சிவப்பு.

நான் ஏணியைச் சாய்த்தேன்.

"அண்ணே, அந்த மூலையில எங்கம்மா உக்காந்திருக்கா. அவ மேல சாச்சிராதீக" என்றாள். பயந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏணியை நகர்த்திப் போட்டேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். கரண்டு இல்லை. மேலே ஏறி, ஃபேனுக்கு வயர் இறங்கும் சீலிங் ரோஸைத் திறந்தேன். ஐந்து நிமிஷ வேலை அது. அரைமணியாகியும் முடியவில்லை. கை துவண்டது. ஸ்குரூ டிரைவர் திருகாணிக் காடியில் உட்காரவே இல்லை. ஒருவழியாக இரண்டு வயரையும் கழற்றி விட்டேன். அப்போது என் முகத்துக்கு நேரே ஃபேன் இறக்கை மெல்ல நகர்ந்தது. அடுத்த இறக்கை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"ஏலே முத்து" என்று ஒரு குரல் கேட்டது.

என்னை அப்படிக் கூப்பிட்டவர் ஒருவர்தான், என் தாய்மாமா. கீழப்பாவூர் பக்கம் சுண்ணாம்பு சுடும் காளவாசலில் காவல் இருந்தவர். ஒரு மார்கழியில் குளிருக்காகக் காளவாசல் ஓரமாகப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்பில் காயமில்லை, கடிவாயில்லை. முகம் சிவந்து, தூங்குகிறவர் மாதிரியே கிடந்தார். காளவாசல் மூச்சு அடித்துவிட்டது என்றார்கள் அங்கிருந்தவர்கள்.

குனிந்து பார்த்தேன், கரிச்சட்டி. நிமிர்ந்து பார்த்தேன், எறும்பு நுழையாத என் பலகை. பார்வதியின் கன்னத்தைப் பார்த்தேன். ஐயோ என்று கத்தினேன், குரல் வரவில்லை.

இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதுதான் சரி. கதவை உதைத்துத் திறந்தேன். சட்டியைத் துண்டால் பிடித்துக்கொண்டுபோய் முற்றத்தில் வீசினேன். மழையில் இரண்டு மூச்சு இழுத்ததும் தலை தெளிந்தது. திரும்பி ஓடி, கயிற்றை அறுத்துச் சன்னலைத் திறந்தேன். சுத்தியலால் என் பலகைகளை நானே உடைத்தேன். சாரல் உள்ளே வந்து விழுந்தது.

"கட்டுன கயித்த அறுத்துட்டானே பாவி! பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒன்னைய விடமாட்டேம்லே" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார்.

"அடிக்கணும்னா அடிங்க அண்ணாச்சி. பேயும் இல்ல பிசாசும் இல்ல. கரிச்சூட்டுல வார வெசக்காத்து. அது வெளிய போற வழிய அடச்சவன் நாந்தான். ரெண்டு பேரையும் வாசலுக்குத் தூக்குங்க மொதல்ல" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கினார். துணி மாதிரி தொங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அது வீல் என்று அழுதது. அண்ணாச்சியும் அழுதார். நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

4. திரும்ப மாட்டப் போனது

பத்து நாள் கழித்து, கழற்றிவிட்ட ஃபேன் வயரைத் திரும்ப மாட்டப் போனேன். சன்னல் திறந்திருந்தது. மாட்டிவிட்டு, முற்றத்தில் கிடந்த அதே சட்டியில் கரி போட்டு, கீழே வைத்துப் பார்த்தேன். இறக்கை இம்மிகூட அசையவில்லை. அன்றைக்குச் சுற்றியது ஃபேன் இல்லை, என் தலை. அப்படித்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஏ.சி. மாட்டப் போகிற தம்பிகள் முதலில் எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொல்கிறார்கள். அடையுங்கள். அதற்கு முன்னால் இந்த அறையில் என்ன எரியும், யார் படுப்பார்கள் என்று கேட்டுவிட்டு அடையுங்கள். அதைக் கேட்காமல் நான் செய்த வேலைதான் என் வேலைகளிலேயே சுத்தமான வேலை.

கிளம்பும்போது பார்வதி கூப்பிட்டாள். மடியில் குழந்தை சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"எம்பிள்ளையப் பொழைக்க வச்சீக. நல்லா இருப்பீக" என்றாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கிலருந்து எங்கம்மா வரவே இல்ல அண்ணே" என்றாள்.

எல்லாம் கரி செய்த மாயம் என்று சொல்லியிருக்கலாம்.

"எனக்கும் எங்க மாமா குரல் கேட்டுச்சும்மா" என்றேன்.

"என்ன சொன்னாவ?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். வென்டிலேட்டர் வழியாக வந்த சாரல் குழந்தையின் காலில் பட்டது. முந்தானையால் துடைத்துவிட்டுக் குழந்தையைக் கட்டிலின் மறுபக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அதத் தொறந்தே போடுங்கண்ணே" என்றாள்.