நொலீனின் பறவை

ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில், மனநோயிலிருந்து மீள்கிறவர்களுக்கு உதவும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் பாதிப் பேர், "கோச்சும் கோஆர்டினேட்டரும் ஒண்ணுதானே?" என்று கேட்பார்கள். எங்கள் கோச் நொலீன் பர்ட்டெல் காதில் அது விழுந்தால் அவ்வளவுதான். "ஒண்ணா? கோஆர்டினேட்டருங்க உனக்கு உதவிக்கு ஆள் பிடிச்சு, ஒப்பந்தம் போட்டு, யார் எப்போ வரணும்னு ஏற்பாடு பண்ணுவாங்க. நான் நீ படுக்கையை விட்டு எந்திரிக்க முடியாத நாள்ல பக்கத்துல உக்காந்து, உனக்கு என்னடா வேணும்னு கேப்பேன். அதுவும் இதுவும் ஒண்ணா?" என்பாள்.

நல்ல கோஆர்டினேட்டர்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நொலீனுக்கு வாய்த்தவன் ட்ரெண்ட்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நொலீனே நோயாளி. யாரோ ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள் என்ற பயத்தில், தான் வளர்த்த காக்கட்டீல் என்ற சின்னக் கிளியின் கூண்டை ஏழு துண்டுகளால் மூடி வைத்திருந்தாள். பறவையின் பெயர் செட்ரிக். அப்போது அவளுக்குக் கோஆர்டினேட்டராக இருந்த ட்ரெண்ட் அதையே அறிக்கையில் எழுதி, "தனியாக வாழ இயலாதவர்" என்று முடித்து, நோயாளிகளைச் சேர்த்து வைத்துத் தன் கம்பெனி காசு பார்க்கும் கூட்டு வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான். அங்கே பறவைக்கு அனுமதி இல்லை. செட்ரிக்கை அவனே எடுத்துக்கொண்டு போனான். யாரிடம் கொடுத்தான் என்று கடைசி வரை சொல்லவில்லை.

இரண்டு வருஷத்தில் நொலீன் தேறி வெளியே வந்தாள், படித்தாள், கோச் ஆனாள். "நோயை நான் மன்னிச்சுட்டேன், அந்த நாயை மன்னிக்க மாட்டேன்" என்று தேநீர் இடைவேளையில் என்னிடம் பல தடவை கறுவியிருக்கிறாள்.

போன மார்ச்சில், அவளிடம் உதவி பெறும் ஜாரட் ஒரு அறிக்கையோடு வந்தான். முப்பத்து நாலு வயசு. இரண்டாம் மாடியில் சின்ன ஃபிளாட், பழைய துணிக் கடையில் வாரம் மூன்று நாள் வேலை. அவனுக்கும் ட்ரெண்ட்தான் கோஆர்டினேட்டர். அவனுக்கு அரசு தரும் உதவியின் ஆண்டுத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யும் கூட்டத்துக்கு முன்னால், ஜாரட்டையும் அதே கூட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான்.

நொலீன் படித்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஜாரட், நீ பறவை வளக்கிறியா?"

"நானா? என் வீட்டுல கரப்பான் பூச்சிதான் இருக்கு. ஏன்?"

"உன் பறவைக் கூண்டை ஏழு துண்டால மூடி வெச்சிருக்கியாம்."

அடப்பாவி! நொலீனின் பழைய அறிக்கையில் பேரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறான். அவசரத்தில் பறவையைக் கழற்ற மறந்துவிட்டான்.

நானாக இருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கிழித்திருப்பேன். நொலீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாரட்டிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். "எனக்கு அவன்மேல தீராத வன்மம் இருக்கு. அதுக்கு உன்னை இழுத்தா நானும் அவனும் ஒண்ணாயிடுவோம். உனக்கு என்ன வேணும், அதை மட்டும் சொல்லு."

ஜாரட் கையிலிருந்த சாஸேஜ் ரோலை மென்று முடித்தான். "எனக்கு என் ஃபிளாட் வேணும். அவன் மூஞ்சியும் ஒரு தடவை பாக்கணும்."

கூட்டத்தில் ஜாரட் என்ன பேசுவது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள்.

கூட்டத்துக்கு நானும் குறிப்பெடுக்கப் போனேன். திட்டத்தை முடிவு செய்யும் அரசு அதிகாரி ஒரு பெண்மணி. ட்ரெண்ட் லாமிங்டன் கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் நீட்டினான். "ஜாரட்டால சுயமா முடிவெடுக்க முடியாதுங்க. நான் நேர்ல பாத்து எழுதினது" என்றான்.

நொலீன் ஜாரட்டைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜாரட் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அதிகாரி முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ட்ரெண்ட், என் பறவை எங்கே?"

"எந்தப் பறவை?"

"நீ நேர்ல பாத்த பறவை. ஏழு துண்டு போட்டு மூடினது. என் வீட்டுல இல்லையே, எங்கே கொண்டுபோனே?"

ட்ரெண்ட் அந்தத் தாளை எடுக்கக் கை நீட்டினான். அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அப்புறம் அவர் ஜாரட்டிடம் மட்டும்தான் பேசினார். ஃபிளாட் ஜாரட்டுக்கே நின்றது. கோஆர்டினேட்டரை மாற்றும் தாளில் அவனே கையெழுத்துப் போட்டான். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் ட்ரெண்ட் எங்களை மறித்தான். "ஒரு சின்னத் தப்பு, நொலீன். புகார் கிகார்னு போனா என் வேலையே போயிடும். விட்டுடேன்."

"விட்டுடறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செட்ரிக்கை யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் சொல்லு."

அவன் நிஜமாகவே யோசித்தான். "செட்ரிக் யாரு? உன் தம்பியா?"

நொலீன் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை. நேரே அலுவலகம் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் புகார் படிவத்தை எடுத்தாள். தன் பழைய அறிக்கையையும் ஜாரட்டின் அறிக்கையையும் இணைத்தாள். பாதிக்கப்பட்டவர் பெயர் என்ற இடத்தில் முதலில் ஜாரட் என்று எழுதினாள், அடுத்துத் தன் பெயர், அதற்கும் கீழே செட்ரிக்.