வெளிநாட்டார் வரிசையில் அண்ணன்

என் தாத்தாவும் அண்ணனுடைய தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். என் தாத்தா கப்பலேறி இந்த மலாய் நாட்டுத் தோட்டத்துக்கு ரப்பர்ப் பால் வெட்ட வந்தார். அண்ணனுடைய தாத்தா திருச்சிப் பக்கம் நிலத்தோடு இருந்துவிட்டார். அந்த முறையில் அவர் எனக்கு அண்ணன். என் மகள் கல்யாணத்துக்காகத்தான் முதல் தடவையாக இங்கே வந்தார்.

கல்யாணம் முடிந்ததும், நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நான் ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

“அண்ணே, செருப்ப போட்டுக்குங்க. கீழ முள்ளுலா.”

“வெளையிற மண்ணுப்பா. செருப்போட மிதிப்பாங்களா?”

வெட்டிப்போட்ட மட்டைகளெல்லாம் முள்தான். எனக்குப் பேச்சு குறைவு, மூத்தவர்களிடம் இன்னும் குறைவு. திரும்பி வந்தபோது அவருடைய வலது கால் பெருவிரலில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான் காட்டிய பிறகுதான் அவரே பார்த்தார். அவருக்கு இனிப்பு நீர் வியாதி, அவர் ஊரில் சொல்லும் சர்க்கரை, உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மனைவி கழுவி மருந்து போட்டாள். சில நாளில் விரல் கறுத்து, பாதம் வீங்கி, வாடை வர ஆரம்பித்தது. அவர் கவலைப்படவில்லை.

“கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா முடிஞ்சது. எங்க ஊர்ல ஊசி, மாத்திரை, கட்டு எல்லாம் சும்மாதான்.”

எங்களுக்கு இந்த நாட்டுக் காசில் ஒரு வெள்ளிதான், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, வார்டில் படுத்தால் முன்பணமும் கட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

“அப்ப வேணாம். அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவேன். ஊர்ல போயி காட்டிக்கிறேன்.”

சமையலறையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கால் இருக்குமா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சொல்லுங்களேன்.”

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே நொண்டிக்கொண்டு வந்து ஏறினார்.

பதிவு செய்யும் இடத்தில் பழக்கத்தில் என் அடையாள அட்டையை நீட்டினேன். நோயாளியுடையதைக் கேட்டார்கள். அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஓர் இந்தோனேசிய அம்மாவும் இரண்டு வங்காளதேசத்துப் பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு தாத்தனும் ஒரே வயித்துல பொறந்தவனுங்க. கப்பல் ஏறுனவன் பேரனுக்கு ஒரு வெள்ளி. ஏறாம கெடந்தவன் பேரன் வெளிநாட்டான். நல்ல கூத்துதான் போ.”

சத்தமாகச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே அந்தப் பையன்களும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“படுக்கச் சொன்னா ஒன் தலையிலதான் விடியும். மருந்து போட்டு அனுப்பச் சொல்லு.”

டாக்டர் இளவயது மலாய்ப் பெண். காயத்தைப் பார்த்துவிட்டு, நூல் மாதிரி மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அண்ணனைக் கூரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு விரல்களைத் தொட்டார். தொடுவது தெரிகிறதா என்று நான் தமிழில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

“இப்ப தொட்டாங்களாண்ணே?”

“தெரியுதுன்னு சொல்லு.”

“எந்த வெரலுண்ணே?”

“ஏதோ ஒரு வெரலு. தெரியுதுன்னு சொல்லுப்பா.”

டாக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாக் ராசா,” என்றேன். உணர்ச்சி இல்லை என்று அர்த்தம். அண்ணனுக்கு மலாய் தெரியாது. ஆனால் என் மனைவியோடு கடைக்குப் போய் வந்ததில் ‘தாக்’ என்றால் ‘இல்லை’ என்று கற்றிருந்தார். கூரையிலிருந்து பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார்.

டாக்டர் அடுத்தடுத்த விரல்களைத் தொட்டார். நான் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்றைக்கே படுக்கை கொடுத்தார்கள். கல்யாணத்தில் வந்த மொய்ப் பணம் அலமாரியில் இருந்தது. மனைவி ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். முன்பணம் கட்டினேன்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தார், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார், பக்கத்துப் படுக்கைச் சீனரோடு சைகையில் சிரித்துப் பேசினார். பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. விமானத்துக்குக் காத்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் சீனர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கட்டு மாற்றிவிட்டு நர்ஸ் போன பிறகு, காலைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தப் பொண்ணு நூலு மாதிரி ஒண்ண வச்சுத் தொட்டுச்சே, நெசமாவே தொட்டுச்சா?”

“தொட்டாங்கண்ணே.”

“எல்லா வெரலயுமா?”

“எல்லா வெரலயும்.”

அவர் தலையை ஆட்டினார். “என் செருப்பு எங்க?” என்றார்.

கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. எடுத்து அவர் கண்ணில் படும்படி வைத்தேன்.