லாம்டா கணக்கு முடிகிற வரைக்கும்

க்ர்ர்ர்... க்ர்ர்ர்... டிங்!

மெஷின் எண்ணெய் வாசனையோடு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இரும்பு மெஷின். வகுக்கும்போது ஒரு சுற்று அதிகமாகப் போனால் மணியடித்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறுபதுகளின் கடைசி. டிராம்பே பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கணக்குப் போடும் வேலை. எனக்கு வயது பதினெட்டு. வாய்க்கு அதைவிட ஜாஸ்தி.

மாட்டுங்காவில் நான் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பேன். சயானில் மைமூன் ஏறுவாள். வீடு தாராவி, வாப்பாவுக்குத் தோல் பட்டறை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

நாங்கள் கணக்குப் போட்டுக்கொடுத்தது ஒரு மராட்டிக்கார தியரி சாருக்கு. எந்நேரமும் பையான், பையான் என்பார்; அது ஒரு நுண்துகளின் பெயர். ஆளும் மீசை முளைக்காத பையன் மாதிரி இருப்பார். அதனால் நான் வைத்த பெயர் 'பையான் சார்'. கூடம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது... பாவம்.

அவருடைய ஆராய்ச்சி ஹைப்பர் நியூக்ளியஸ். புரோட்டானும் நியூட்ரானும் குடியிருக்கிற அணுக்கருவுக்குள் லாம்டா என்று ஒரு விருந்தாளித் துகள். தனியாக இருந்தால் ஒரு பையானை உதறிவிட்டுப் புரோட்டானாகவோ நியூட்ரானாகவோ மாறிவிடும். கருவுக்குள் அப்படி மாறி உட்கார இடம் காலியில்லை. அதனால் பக்கத்தில் இருப்பதை இடித்துக்கொண்டு, இரண்டுமாக வெளியே பறக்கும்.

"இதுல என்னடி பெரிய தியரி? பஸ்ல எடமில்லேன்னா பக்கத்து மாமாவை இடிச்சுண்டு ரெண்டு பேருமா ரோட்ல விழறா. அவ்ளோதான்," என்றேன்.

"இடிபடுறது எந்த மாமாங்கதுதாம்ட்டி கேள்வி," என்றாள் மைமூன். "நியூட்ரான் மாமாவா, புரோட்டான் மாமாவா?"

அதேதான். சாரின் சூத்திரப்படி நியூட்ரான் இடிபடுவது ரொம்ப அபூர்வம். ஆனால் சோதனைக்காரர்கள் எடுத்த படங்களில், அதுவும் ஏறக்குறைய புரோட்டான் அளவுக்கு இடிபட்டிருந்தது.

ஒரே கணக்கை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போடுவோம். நடுவே அட்டைத் தடுப்பு. ஒருத்தி தாளை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. கடைசியில் சார் முன்னால் இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், யார் தப்பு என்று கேட்கமாட்டார். இருவரும் முதலிலிருந்து போட வேண்டும்.

எங்கள் எண்கள் ஒத்துப்போயின. சோதனையோடுதான் ஒத்துப்போகவில்லை. சார் முகம் தொங்கிப்போகும். சூத்திரத்தில் எதையோ மாற்றிக்கொண்டு வந்து, "ஏக் பார் அவுர்" என்பார். இன்னொரு தடவை. மைமூன் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொள்வாள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஊர்ல மாமி மவனுக்குப் பேசி முடிச்சிட்டாவோ. இந்தக் கணக்கு முடியுற மட்டும்தான் வேலைன்னு வாப்பா சொல்லிட்டாவோ. முடிஞ்சா நிக்காஹ்தான்," என்று பஸ்ஸில் சொல்லியிருந்தாள்.

சாருக்குத் துக்கம் வந்த நாளெல்லாம் மைமூனுக்குப் பெருநாள்.

ஒரு நாள் சார் வேறு மாதிரி முகத்தோடு வந்தார். இந்த ஒரு கணக்கோடு போதும், பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுதி அனுப்பிவிடலாம் என்றார்.

கேன்டீனில் மைமூன் டீயில் பாவு ரொட்டியைத் தோய்த்தாள்... தோய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கடைசி நம்பரைத் தப்பா வாசிக்கறேண்டி," என்றேன். "மறுபடி முதல்லேர்ந்து போடணும். கொஞ்ச நாள் ஓடும்."

"வேண்டாம்ட்டி. ஒருத்தி பொய் சொன்னா தெரியணும்னுதானே ரெண்டு பேர வச்சிருக்காவோ?"

"அடி பைத்தியம், உனக்காகத்தான் சொல்றேன்!"

"எனக்காவத்தான் வேண்டாங்கேன். நான்னு ஒருத்தி போட்ட கணக்கு இது ஒண்ணுதான். அதாவது சரியா இருக்கட்டும்."

பாவு டீக்குள் விழுந்து கரைந்துவிட்டது. வழக்கமாக இருந்தால் அதை வைத்து ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

கணக்கு முடிந்த அன்று, மைமூன் முதலில் வாசித்தாள். "மூணு... ஏழு... சைபர்... ரெண்டு."

என் முறை. தப்பான இலக்கம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அட்டை இடுக்கு வழியாக அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு. ஏழு. சைபர்... ரெண்டு."

"ஷாபாஷ்!" என்றார் சார்.

அப்படி வலித்த பாராட்டை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை.

அன்று சாயங்காலமே அவள் வாப்பாவிடம் சொல்லிவிட்டாள். கணக்கு முடிஞ்சிட்டு என்று.

அடுத்த திங்கட்கிழமையும் பழக்கதோஷத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். சயானில் ஏறிய ஒரு மராட்டிப் பாட்டி, "கோணி ஆஹே கா?" என்று கேட்டாள். யாராவது இருக்காங்களா?

"ஆஹே" என்றேன். பாட்டி முறைத்தாள். டிராம்பே வரைக்கும் அந்த சீட் காலியாகவே வந்தது.

மைமூனை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இப்போது பேத்தியின் லாப்டாப், எங்கள் கணக்கை நான் மூக்குக்கண்ணாடி தேடுவதற்குள் போட்டுவிடும். மணியடிப்பதில்லை... காட்டிக்கொடுப்பதும் இல்லை.

அதில்தான் ஒரு கட்டுரை படித்தேன். பையானை மட்டும் வைத்துப் போட்டால் அந்தக் கணக்கு வராதாம். இன்னும் கனமான துகள்களையும் சேர்க்க வேண்டுமாம். சோதனையில் எண்ணியதிலும் திருத்தம் வேண்டியிருந்ததாம். இதெல்லாம் கூடிவர, எங்கள் தலை நரைக்கும் காலம் ஆகியிருக்கிறது.

மைமூன்... அன்றைக்குக் கணக்கு முடியவே இல்லையடி.

பொய்யே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் உன் வாப்பா முன்னால் நிமிர்ந்து நின்று, "இன்னும் முடியல வாப்பா" என்று நீ உண்மையையே சொல்லியிருக்கலாம்.